வால்வுக்காரர் வீட்டுத் தோட்டம்

தையல்காரி வீட்டுத் தொட்டியில் அந்தக் கோடையில் தண்ணீர் தங்கவே இல்லை. குழாயில் வருவதே எப்போதோ ஒரு நாள். அதுவும் வந்த சுவடு தெரியாமல் நின்றுவிடும். விடிவதற்கு முன்பே எழுந்து காத்திருந்து பிடித்து, பின்பக்கத்து சிமெண்ட் தொட்டியை நிரப்பி, மேலே தகரம் போட்டு, தகரத்தின் மேல் கல்லும் வைத்துவிட்டு வருவாள். மறுநாள் சாயங்காலம் தகரத்தைத் தூக்கிப் பார்த்தால் தொட்டியின் அடி தெரியும். வெயில் குடித்துவிட்டது என்று சொல்வதற்கும் ஒரு அளவு உண்டு.

தொட்டியை நம்பித்தான் தோட்டம் இருந்தது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு அவள் வந்தபோது பின்பக்கம் முழுக்க உடைந்த செங்கல்லும் கண்ணாடிச் சில்லுமாகக் கிடந்தது. தைக்க வந்த துணிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் குனிந்து குனிந்து பொறுக்கி, மண்ணைக் கொத்தி, சாணமும் சருகும் போட்டுப் புரட்டி அவள் உண்டாக்கிய பூமி அது. தொட்டியை ஒட்டி மிளகாய், அடுத்து தக்காளி, கத்தரி, வெண்டை, கடைசியில் மதிலோரம் பூசணிக் கொடி. ஈரம் காயாமல் இருக்கச் செடிகளின் அடியில் வெட்டுத் துணிகளைப் பரப்பியிருந்தாள். யாருடைய பாவாடையில் மிஞ்சியது, யாருடைய சட்டையில் கத்தரித்தது என்று அவளுக்குத் தெரியும். உச்சி வெயிலுக்குக் குச்சிகளை நட்டுப் பழைய திரைச்சீலைகளைக் கட்டி நிழல் போட்டிருந்தாள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "செடிக்கெல்லாம் உடுப்பு தைச்சுப் போட்டுட்டியா" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

எத்தனை பாடுபட்டும் அந்த வருஷம் செடிகள் முகம் வாடியே நின்றன. ஒரு நாள் தண்ணீர், மூன்று நாள் காய்ச்சல் என்று போனதில் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகியது. வெண்டை இலைகளுக்குப் பின்னால் சிவப்புப் பேன் வலை பின்னியது. கத்தரி பூத்த பூவையெல்லாம் உதிர்த்தது.

அவளுக்குப் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் மேல் சந்தேகம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். நர்ஸம்மாவுக்கு ராத்திரி டியூட்டி. பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பாள். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் தையல்காரி சுவரோரம் போய் நின்றாள்.

"நர்ஸம்மா, எங்க தொட்டியில தண்ணி நிக்க மாட்டேங்குது."

"விரிசல் விட்டிருக்கும். கொத்தனாரைக் கூப்பிட்டுப் பாருங்க."

"விரிசல் இல்ல. நான் உள்ள இறங்கித் தடவிப் பாத்துட்டேன். பகல்ல தூங்குறவங்க தூங்கத்தான் செய்யிறாங்களா, இல்ல டியூபைப் போட்டு உறிஞ்சுறாங்களான்னு யாரு கண்டா."

நர்ஸம்மா துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தாள். அதை அப்படியே வாளியில் போட்டாள்.

"உங்க தண்ணியில நான் கால் கழுவினாகூட என் கால் அழுகிப் போகட்டும். இனிமே இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உங்க குரல் கேக்கக் கூடாது. நல்லா இருங்க."

ஜன்னலைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த தடவை தொட்டி நிரம்பிய நாளின் மத்தியானம், தையல் மெஷினில் நூல் அறுந்து, கோக்கக் குனிந்தபோதுதான் அந்தச் சத்தம் தையல்காரியின் காதில் விழுந்தது. பின்பக்கத்துச் சந்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தாள்.

தொட்டியைக் கழுவிவிடுவதற்காக அடியில் ஒரு பெரிய குழாயும், அதற்கொரு சக்கர வால்வும் உண்டு. குழாயின் வாய் மதிலைத் தாண்டிச் சந்தில் இருந்தது. அவளுடைய மாமனார், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு, அந்தச் சக்கரத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, சந்தைப் பார்த்தபடி விறைப்பாக நின்றிருந்தார். சந்து முழுக்க வெள்ளம். இரண்டு நாய்கள் நக்கிக் குடித்துக்கொண்டிருந்தன.

"மாமா, என்ன பண்றீங்க?"

"மேலத் தெருவுக்கு விட்டிருக்கேன்மா. பாவம், அவங்களுக்கு வந்து நாலு நாளாச்சு. பொம்பளைங்கல்லாம் குடத்தோட நிக்கிறாங்க."

அவள் பாய்ந்து சக்கரத்தைத் திருகி மூடினாள். நிமிர்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு மாமனாரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மாமனார் அந்த ஊர்த் தண்ணீர் வாரியத்தில் வால்வுக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நீளமான இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், மண்ணுக்குள் இருக்கும் வால்வுகளைத் திறந்து மூடுவது வேலை. சொந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, வால்வுக்காரர் என்றால் கைகாட்டுவார்கள். இரண்டு வருஷமாக அவருக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டு வெந்நீர் கேட்பார். தெருக்கள் மட்டும் வரிசை மாறாமல் நினைவில் இருந்தன.

அவருடைய மகனுக்கு, தையல்காரியின் கணவனுக்கு, ஐஸ் கம்பெனியில் வேலை. கோடை வந்தால் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஊரே வெந்துகொண்டிருக்க, அவன் மட்டும் விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கி வீட்டுக்கு வருவான். சைக்கிளின் பின்னால் சாக்கில் உடைந்த ஐஸ் இருக்கும். பாதி வழியிலேயே உருகிவிடும். மிச்சத்தை அவள் பானையில் போட்டுக் கரையவிட்டு, சூடு சமனான பிறகு மிளகாய்க்கு ஊற்றுவாள்.

அன்றைக்கு அவன் கை கழுவுவதற்குள் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டான்.

"ஊருக்கே தண்ணி விட்டவர். நம்ம தொட்டி எந்த மூலைக்கு?"

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. அவ என்னைப் பாத்த பார்வையில நான் செத்தே போயிட்டேன்."

"சரி விடு. கம்பி போட்டுக் கட்டிடறேன்."

கட்டினான். மறுநாள் கம்பி பிரிக்கப்பட்டு, அழகாக வளையமாகச் சுருட்டப்பட்டு, ஆணியில் தொங்கியது. தொட்டி காலி. சக்கரத்தையே கழற்றி அலமாரிக்கு மேல் வைத்தான். எங்கே கிடந்ததோ, ஒரு ஸ்பேனரைத் தேடி எடுத்து வந்து மொட்டைத் தண்டைப் பிடித்துத் திறந்துவிட்டார் கிழவர்.

"வேலையில கெட்டி மனுஷன்," என்றான் மகன். இந்தத் தடவை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தையல்காரி மெஷினைத் தூக்கிப் பின்வாசலில் போட்டுக்கொண்டாள். ஒரு கண் ஊசியில், ஒரு கண் தொட்டியில். தைத்த சட்டைக்கெல்லாம் கை ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று திரும்பி வந்தது. குளிக்கப் போனால் பாதியில் ஓடி வருவாள். நகராட்சித் தண்ணீர் லாரி முனைக்கு வரும்போது குடத்தோடு போனால், அவரும் பின்னாலேயே வந்துவிடுவார். ஒரு தடவை லாரியின் குழாயையே மூடப் போய்விட்டார். பெண்கள் பிடித்துத் தள்ள, கீழே விழுந்து முழங்கை சிராய்த்தது. நாத்தனாருக்கு இதெல்லாம் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். கணவனுக்கு அக்கா அவள். நகரத்தின் இன்னொரு கோடியில் மாடி வீட்டில் இருந்தாள். போனில் கூப்பிட்டாள்.

"அப்பாவை லாரிக்காரங்க அடிச்சாங்களாமே."

"அடிக்கல அண்ணி. தள்ளினதுல விழுந்துட்டார்."

"நீ எங்க இருந்த?"

"குடத்தோட வரிசையில."

"வீட்ல வயசானவர் இருக்கும்போது செடியாம் கொடியாம். கடையில கிடைக்காத காயா? நாலு செடிக்காக அவரைத் திருடனைக் காவல் காக்கிற மாதிரி காக்குறியாம். தம்பி சொன்னான்."

தம்பி அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு போட்டபோது தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தாள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. குழாய் அடியோடு நின்றது. அதற்கு முன் கடைசியாக வந்த தண்ணீரை அவள் உயிரைப் போலக் காத்தாள். அரிசி கழுவியது, பாத்திரம் அலசியது எல்லாம் தோட்டத்துக்கு. தொட்டித் தண்ணீரைச் செடிக்கு ஒரு செம்பு வீதம், வேரைப் பார்த்து, கையால் அணைத்து ஊற்றினாள். மதிலோரப் பூசணியில் முதல் பெண்பூ விரிந்தது. தேனீ ஒன்றுகூடக் கண்ணில் படாததால் விடியும்போதே ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அவளே மகரந்தத்தைத் தொட்டு வைத்தாள். கத்தரியும் பூவை உதிர்க்காமல் இரண்டு மூன்று பிஞ்சைப் பிடித்து வைத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட்டிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

அந்த மத்தியானம் லாரி வந்துவிட்டதாகத் தெருவில் குரல் கேட்டது. குடங்களை எடுக்க உள்ளே போனாள். ஒரு குடத்தின் அடியில் கரி ஒட்டியிருந்ததைத் துடைத்தாள், அவ்வளவு நேரம்தான். வெளியே வந்தபோது வால்வு திறந்திருந்தது. மாமனார் பக்கத்தில் நின்றார். தொட்டியில் மிச்சமிருந்ததெல்லாம் சந்துக்குப் போய், கடைசித் தண்ணீர் கொரகொரவென்று காற்றோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

குடங்களைக் கீழே வைத்தாள். போய் அவருடைய மேல்கையைப் பிடித்தாள். எலும்பு கையில் தட்டுப்பட்டது. பிடியைத் தளர்த்தவில்லை.

"வாங்க."

"இரும்மா, இன்னும் போகல..."

"வாங்கன்னா வாங்க."

பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட அவருடைய அறையில் கொண்டுபோய் விட்டாள். மின்விசிறியைப் போட்டாள். கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாளை இழுத்தாள். துருப்பிடித்த தாழ்ப்பாள், எளிதில் நகராது. உள்ளங்கையால் அடித்து அடித்துத் தள்ளினாள். குடங்களை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

லாரிக்கு முன்னால் வரிசை முனையைத் தாண்டி வளைந்து கிடந்தது. தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. லாரிக்காரன் குழாய்க்கு மாட்டும் ரப்பரைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தான். பிறகு யாரோ நடுவில் நுழைந்தாள் என்று சண்டை. முன்னால் நின்றவள், மண்பானை விற்கிறவள், திரும்பிப் பேச்சுக் கொடுத்தாள்.

"வால்வுக்காரர் இன்னைக்கு வரலியா?"

"வீட்ல இருக்கார்."

"தனியாவா?"

"தூங்குறார்."

"தூங்கட்டும். கரண்டுதான் இல்ல. எங்க வீட்ல குழந்தை கத்துதேன்னுதான் நானே வெளிய வந்து நிக்கிறேன்."

"கரண்டு இல்லியா? எப்பலேர்ந்து?"

"லாரி வந்த கொஞ்ச நேரத்துலயே போச்சு."

தையல்காரி அண்ணாந்து பார்த்தாள். முனைக் கடையின் வாசலில் விசிறி நின்றுபோயிருந்தது. நியூஸ்பேப்பரை மடித்துக் கடைக்காரர் விசிறிக்கொண்டிருந்தார். குடங்களை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். ஒரு செருப்பு தாரில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள்.

தாழ்ப்பாள் சுட்டது. நகரவும் மாட்டேன் என்றது. "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே செங்கல்லை எடுத்து அடித்துத் திறந்தாள். உலை வாயைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. அவர் கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தான் அப்போதும் போட்டபடி இருந்தது. தொட்டால் உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது.

தண்ணீர் என்று திரும்பினாள். வீட்டில் தண்ணீர் இல்லை. தொட்டி காலி, குடங்கள் முனையில். அடுப்படிப் பானையைச் சாய்த்ததில் ஒரு வாய் வந்தது.

இடுப்பளவு சுவரை எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. நர்ஸம்மாவின் ஜன்னலை இரண்டு கையாலும் அறைந்தாள்.

நர்ஸம்மா தலைமுடி அவிழ்ந்து, தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். தையல்காரியின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்க் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அறை வாசலில் ஒரு கணம் நின்று, வளைந்து தொங்கிய தாழ்ப்பாளைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"காலைப் பிடிங்க. இங்க வேண்டாம், அந்தத் துணி நிழலுக்கு."

இருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கத்தரிப் பாத்தியில், திரைச்சீலைக்கு அடியில் கிடத்தினார்கள். நர்ஸம்மா சட்டையைக் கிழித்தே திறந்தாள். பாத்தியில் பரப்பியிருந்த வெட்டுத் துணிகளை வாரி, நனைத்து, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தாள்.

"விசிறுங்க. நிறுத்தாம விசிறுங்க. எவ்வளவு நேரமா உள்ள இருந்தார்?"

தையல்காரி விசிறினாள். கரண்டு போனதற்கு முந்தியா, பிந்தியா, ரப்பரைத் தேடியபோதா, சண்டை நடந்தபோதா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. அவர் மேல் ஊற்றிய தண்ணீர் வழிந்து கத்தரியின் வேருக்கு இறங்குவதைக் கண் பார்த்தது. பார்த்த கண்ணைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

ஐஸ் கம்பெனிக்கு ஆள் போய்ச் சொல்ல, மகன் ஆட்டோவோடு வந்தான். மடியில் ஐஸ் மூட்டையும் அதன் மேல் அப்பாவின் தலையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நர்ஸம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான் அது. டியூட்டி நேரத்துக்கு முன்பே வந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பிழைத்துக்கொள்வார், ஆனால் இரண்டு மூன்று நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வராந்தாவில் நர்ஸம்மா தையல்காரியைத் தனியே கூப்பிட்டாள்.

"கேட்டா, ரோட்டுக்குப் போயிடுவார்னு தாழ்ப்பாள் போட்டேன்னு சொல்லு. லாரிகிட்ட விழுந்தவர்தானே. அது பொய் இல்ல."

அதுவரை 'வாங்க போங்க' என்றவள், இப்போது 'சொல்லு' என்றாள். தையல்காரி தலையாட்டினாள். டாக்டரிடம் அப்படித்தான் சொன்னாள். கணவனிடமும் அப்படித்தான். அவன் அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தான். தாழ்ப்பாளை அடித்துத் தள்ளிய இடத்தில் தோல் கன்றிப் போயிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிழவருக்கு ஜுரம் விட்டுவிட்டு வந்தது. கண்ணை மூடியபடியே கையைத் தூக்கித் துழாவுவார். ட்ரிப்ஸ் ஊசி கழன்றுவிடும் என்று கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்கள், கட்ட மகனுக்கு மனம் வரவில்லை. வாய் ஓயாமல் ஒன்றையே கேட்டது.

"கடைசி வீட்டுக்கு வந்துடுச்சா?"

"தூங்குங்கப்பா," என்றான் மகன்.

"கடைசி வீட்டுக்கு வந்துடுச்சா?"

"எந்த வீடுப்பா? ஆஸ்பத்திரியில இருக்கீங்க," என்றாள் வந்து சேர்ந்திருந்த நாத்தனார்.

சாயங்காலம்வரை கேட்டார். அன்றைக்கெல்லாம் எதுவும் சாப்பிடாத தையல்காரிக்கு அந்தக் கேள்வி மண்டையில் ஆணி அடிப்பதுபோல் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, அலுப்பில், என்ன சொல்கிறோம் என்று நினைக்காமலே சொன்னாள்.

"வந்துடுச்சு மாமா."

கிழவரின் கைகள் இரண்டும் மேலே எழுந்தன. ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ பிடித்தன. வலப்பக்கமாக மெதுவாகத் திருகின, மறுபடி பிடித்துத் திருகின, கடைசியில் ஒரு இறுக்கு இறுக்கின. பிறகு மார்பில் இறங்கிப் படுத்துக்கொண்டன. அவர் தூங்கிப் போனார்.

மகன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அந்தக் காலத்துல அப்படித்தான். திறந்துட்டு அங்கயே நிப்பார். தெருவோட கடைசி வீட்ல இருந்து யாராவது வந்துடுச்சுன்னு குரல் குடுக்கணும். குடுத்தாத்தான் மூடுவார். நான் சாப்பாடு கொண்டு போனா என்னைத்தான் ஓடிப் பாத்துட்டு வாடான்னு அனுப்புவார்."

"இத ஏங்க நீங்க சொல்லவே இல்ல?"

"ஞாபகமே இல்லியே. இப்பத்தான் வருது."

கிழவர் நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். நாத்தனார் பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா எங்கூட வரட்டும். உன்னைக் குத்தம் சொல்லல. ரோட்டுக்குப் போயிடுவார்னுதானே போட்ட. யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க."

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நாத்தனாரே வழிவிட்டு நின்றாள்.

"இல்ல அண்ணி," என்றாள் தையல்காரி. "கோவத்துல போட்டேன்."

நாத்தனார் நிமிர்ந்தாள்.

"ரோடெல்லாம் எனக்கு நெனப்பே இல்ல. தண்ணியப் பூரா திறந்து விட்டுட்டாரேன்னு போட்டேன். கிடக்கட்டும்னுதான் போட்டேன்."

"செடிக்காகவா?"

"செடிக்காகத்தான்."

நாத்தனார் அப்பாவின் செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிட்டாள். அதற்கு மேல் தையல்காரியிடம் பேசவே இல்லை. கிழவர் ஆட்டோவில் ஏறும்போது மருமகளைப் பார்த்து, "போயிட்டு வரேன்மா" என்றார், யாரோ புதிதாகப் பார்த்தவளிடம் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்ததும் மகன் திருப்புளியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனான். தாழ்ப்பாளின் திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. வெகுநேரம் போராடிக் கழற்றி, காயலான் கடைக்குப் போடுகிற டப்பாவில் எறிந்தான். அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் வேளைக்கு வந்தான், சாப்பிட்டான், போனான். ஐஸ் கொண்டுவருவதை நிறுத்திவிட்டான்.

குழாயில் மறுபடி தண்ணீர் வரத் தொடங்கியது. தொட்டியைத் திறக்க இப்போது யாருமில்லை. தகரத்தைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் வைத்த இடத்தில் அப்படியே நின்றது. வாடியதில் பாதி பிழைத்தது. பேன் விழுந்த வெண்டையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக விதை ஊன்றினாள். பூசணி மதிலில் ஏறி, ஒன்று தலையளவு காய்த்தது. அவள் ஒழுங்காக எல்லாம் செய்தாள். ஆனால் மெஷினில் இருக்கும்போது சந்துப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் கால் தானாக எழுந்துவிடும். போய்ப் பார்ப்பாள். தொட்டி நிறைந்து கிடக்கும். தகரத்தை அவசரமாக இழுத்து மூடிவிட்டு வருவாள்.

கத்தரிக்காயை முதல் பறிப்பில் ஒரு முறத்தில் எடுத்துக்கொண்டு, சுவரைச் சுற்றி, தெரு வழியாகவே நர்ஸம்மா வீட்டு வாசலுக்குப் போனாள்.

"அன்னைக்கு உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

நர்ஸம்மா காய்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"உங்க தண்ணியில கால் கழுவ மாட்டேன்னு சொன்னவ நான். இப்ப இந்தக் காய்ல இருக்கிறதெல்லாம் உங்க தண்ணிதான்." முறத்தை வாங்கி உள்ளே வைத்தாள். "உக்காரு. டீ போடறேன்."

வெயில் தணிவதாக இல்லாத ஒரு நாள் காலையில் நாத்தனாரின் போன் வந்தது.

"தம்பி இருக்கானா?"

"வேலைக்குப் போயிட்டாரு அண்ணி."

"எல்லாக் குழாயையும் திறந்து விட்டுடறார். நேத்துக் கீழ் வீட்டுக்காரங்க மெத்தையெல்லாம் நனைஞ்சு ஒரே ரகளை. மாடித் தொட்டி காலியாகி, மொத்தக் கட்டடமும் எங்க வாசல்ல வந்து நின்னுச்சு. நானும் எத்தனைன்னு பாக்குறது. கடைக்குப் போகக்கூட வழியில்ல. இன்னைக்கு..."

நிறுத்தினாள். போனுக்குள் பஸ் ஹாரன் கேட்டது.

"உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்து கடையில நிக்கிறேன்."

"ஃபேன் ஓடுதா அண்ணி?" என்றாள் தையல்காரி.

கேட்டபடியே எழுந்து செருப்பைத் தேடினாள்.

"அண்ணி, வீட்டுக்குப் போங்க. கதவைத் திறங்க. நான் வரேன்."

கணவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. கிழவர் கூடத்தில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். நாத்தனார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பூட்டு இன்னும் அவள் மடியில் கிடந்தது. தையல்காரி அதைப் பார்க்காதவள்போல் போய், அவருடைய இரண்டு சட்டையையும் வேட்டியையும் மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாத்தனாரும் எழுந்து வந்து மடித்தாள்.

"நானும் வரேன்," என்றாள். "ஒரு நாலு நாள் இருக்கேன்."

மூவரும் வெயில் தாழ வீட்டுக்கு வந்தார்கள். மகன் ஷிஃப்டை விட்டுவிட்டு வந்திருந்தான். பின்பக்கத்தில் மதிலை உடைத்து, சந்துக்குப் போன குழாயை அறுத்து, ஒரு வளைவு மாட்டி, வாயைத் தோட்டத்துப் பக்கம் திருப்பியிருந்தான். மனைவி சொல்லியனுப்பியது அதுதான். கை முழுக்கச் சிமெண்ட்.

"சக்கரத்தையும் மாட்டிட்டேன்," என்றான். வெகுநாளைக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

கிழவர் வீட்டுக்குள் போகவில்லை. நேராகத் தொட்டிக்குப் போனார். சக்கரத்தைத் தடவினார், இரண்டு கையாலும் பிடித்துத் திறந்தார். தண்ணீர் மிளகாய்ப் பாத்தியில் பாய்ந்து விழுந்தது. நாத்தனார் தன்னை அறியாமல் ஓரடி முன்னால் வந்தாள். மகன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு, பாத்திகளைத் தாண்டி, தோட்டத்தின் கோடிக்குப் போய்ப் பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அங்கிருந்து அவர் சின்னதாகத் தெரிந்தார். தண்ணீர் தக்காளியைத் தாண்டியது. கத்தரிப் பாத்தியின் துணிகளுக்கு அடியில் மறைந்து, வெகுநேரம் கழித்து மறுபுறம் கறுப்பாக எட்டிப் பார்த்தது. வெண்டைப் பாத்தியின் வெடிப்புகள் ஒவ்வொன்றும் உறிஞ்சிக்கொண்டன. தொட்டி இறங்கிக்கொண்டிருந்தது. இப்போதே சொல்லிவிட்டால் பாதித் தொட்டி மிஞ்சும். நாளைக்கு உதவும். அவர் அங்கிருந்து வந்தா பார்க்கப் போகிறார்.

"கடைசி வீட்டுக்கு வந்துடுச்சா?"

பழைய, தெருவெல்லாம் கேட்கிற குரல்.

அவள் காலடியைப் பார்த்தாள். மண் காய்ந்து கிடந்தது.

"இன்னும் இல்ல மாமா," என்று குரல் கொடுத்தாள். "கொஞ்சம் இருங்க."

"சரிம்மா. இருக்கேன்."

அவர் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஒரு சருகைத் தள்ளிக்கொண்டு, நின்று நின்று, மதிலோரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.